சாய்வு சைக்கிளும் இரவல் கியரும்

"எத்தனை கியர்?" என்பதுதான் கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி. 21 என்றால் பரவாயில்லை, 27 என்றால் உசத்தி. முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பெண்ட் வண்டிகளையும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெகுகாலம் இந்தக் கணக்கில்தான் விற்று வந்தார்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஒன்பது, மூவொன்பது இருபத்தேழு. அந்த 27-இல் எத்தனை உண்மையிலேயே வேறு வேறு, அவற்றில் எது மேட்டில் காலுக்கு உதவும் என்ற கேள்விகள் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இந்தக் கட்டுரை எடைபோட வருவது, அந்த 27-ஐப் பெற்றெடுத்த வழக்கத்தை: நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளுக்காகச் செய்த உதிரிபாகங்களை இரவல் வாங்கிச் சாய்வு வண்டியில் மாட்டும் வழக்கத்தை.

இரவல் வாங்க வேண்டி வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் அசையாமல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று உடைந்தது. பந்தய உலகம் இதை ரசிக்கவில்லை. 1934-இல் சர்வதேச சைக்கிள் சங்கம், பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்து இந்த வண்டியை வெளியே தள்ளியது. பந்தயத்தில் இல்லாத வண்டிக்குப் பெரிய சந்தை உருவாகவில்லை. சந்தை இல்லாத வண்டிக்காக ஷிமானோ, ஸ்ராம் போன்ற கியர் நிறுவனங்கள் தனியாக டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) செய்யப் போவதில்லை. பிரிட்டனின் ஐ.சி.இ., ஜெர்மனியின் ஹெச்.பி. வெலோடெக்னிக், அமெரிக்காவின் கேட்ரைக் போன்ற நிறுவனங்கள் சட்டகத்தையும் இருக்கையையும் ஸ்டியரிங்கையும் தாங்களே செய்கின்றன. கியர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது.

இரவல் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கொடுத்த வண்டியும் வாங்கிய வண்டியும் இரண்டு இடங்களில் அடியோடு வேறுபடுகின்றன.

ஒன்று, ஓட்டுபவரின் உடம்பு. சாதாரண சைக்கிளில் மேடு வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, முழு எடையையும் பெடல் மேல் போட்டு நாலு மிதி மிதித்துவிடலாம். கியர் சற்றுக் கடினமாக இருந்தாலும் உடம்பு ஈடுகட்டிவிடும். சாய்வு வண்டியில் எழுந்து நிற்க வழியே இல்லை. அதற்குப் பதிலாக முதுகுக்குப் பின்னால் ஒரு சாய்மானம் இருக்கிறது. சுவரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு பீரோவைக் காலால் நகர்த்துவதுபோல, அதில் ஊன்றித் தன் எடைக்கும் மேலான விசையைக்கூடக் கால் கொடுக்க முடியும். அங்கேதான் ஆபத்து. சாதாரண சைக்கிளில் உடல் எடையே மிதிக்கு ஓர் உச்சவரம்பு மாதிரி நிற்கிறது. இங்கே அது இல்லை, விசை முழுவதும் முழங்கால் வழியாகப் போகிறது. சாய்வு வண்டிக்கு மாறிய புதிதில் முழங்கால் வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இருக்கையின் தூரத்தையும் கியரையும்தான்.

மற்றொன்று, சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று அமைந்த மூன்று சக்கரச் சாய்வு வண்டிகளில் பலவற்றுக்குப் பின்சக்கரம் 20 அங்குலம். 40 மில்லிமீட்டர் டயர் போட்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.49 மீட்டர். 26 அங்குலச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 2.05 மீட்டர் வரும். ஆகவே பல் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிட முடியாது. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதே பேச வேண்டிய அளவு. சக்கரத்தின் சுற்றளவை முன்பல் எண்ணிக்கையால் பெருக்கிப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். சுற்றுத்தூரம் என்று வைத்துக்கொள்வோம்.

இனி அந்த 27-ஐ உடைத்துப் பார்க்கலாம். 20 அங்குலப் பின்சக்கர வண்டிகளில் நெடுங்காலம் பரவலாக இருந்த அமைப்பு, முன்னால் சாலைப் பந்தய சைக்கிளின் 52-39-30, பின்னால் மலை சைக்கிளின் 11-34 கேசட், அதாவது பின்பல்சக்கர அடுக்கு. பெரிய கியரில் சுற்றுத்தூரம் 7.04 மீட்டர், நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் மணிக்கு 38 கிலோமீட்டர். சின்ன கியரில் 1.31 மீட்டர். நடுவில் இருப்பவற்றில் இரட்டைப் பிள்ளைகள் ஏராளம். 52-20 ஜோடியும் 39-15 ஜோடியும் அச்சு அசல் ஒரே கியர். 52-26 என்பதும் 30-15 என்பதும் ஒன்றே. 39-26, 30-20 என்ற இரண்டும் அப்படியே. நடுப் பல்சக்கரத்திலேயே 1.71 மீட்டர் வரை இறங்கிவிடலாம். அதற்குக் கீழே 30 பல் சக்கரம் புதிதாகத் தருவது இரண்டே இரண்டு கியர்: 1.49, 1.31. மூன்றாவது பல்சக்கரம் ஒன்றையும், அதை எட்ட டீரெய்லர் அசைவையும், கூடுதல் எடையையும் சுமந்து வந்து கிடைத்த லாபம் இவ்வளவுதான்.

இந்த 1.31 மீட்டர் போதுமா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 18, மூட்டை 12. மொத்தம் 100 கிலோ. 8 சதவீத ஏற்றம். சாதாரண ஆள் ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய 120 வாட் சக்தி. செயினில் போகும் இழப்பையும் டயரின் உருளல் தடையையும் கழித்தால் வண்டி மணிக்கு ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். முழங்கால் நோகாமல் நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்க வேண்டுமானால் சுற்றுத்தூரம் 1.07 மீட்டராக இருக்க வேண்டும். இருப்பதோ 1.31. ஆக, அதே ஏற்றத்தில் அவர் 61 சுற்றில் திணறிக்கொண்டு மிதிப்பார். எழுந்து நிற்கவும் முடியாது. மீதி வித்தியாசத்தைக் கட்டுவது முழங்கால்.

தயாரிப்பாளர்கள் தெரியாமல் இப்படிச் செய்யவில்லை. சின்னச் சக்கரம் எல்லா கியரையும் இறக்கிவிடுகிறது. அதனால் முன்னால் பெரிய 52-ஐப் போட்டு மேலே தூக்கினார்கள். அது தர்க்கம்தான். ஆனால் வாங்குபவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பது கடை வாசலில், சமதளத்தில். அங்கே பெரிய கியர் தீர்ந்துபோனால் உடனே தெரியும், முகம் சுளிப்பார். சின்ன கியர் போதவில்லை என்பது பணம் கட்டி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், மூட்டை கட்டி மலையடிவாரத்துக்குப் போன பிறகுதான் தெரியும். இந்த வழக்கத்தின் மேல் என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: கியர் உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சாய்வு வண்டிக்கு அது தலைகீழ். அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் இதற்கான மருந்தும் அதே இரவல் பெட்டியில்தான் இருக்கிறது. அங்கேதான் இந்த வழக்கத்தின் பலம். 30 பல் சக்கரத்தைக் கழற்றி 24 பல் சக்கரம் போட்டால் சுற்றுத்தூரம் 1.05 மீட்டருக்கு இறங்குகிறது. மேலே கேட்ட 1.07-க்குக் கச்சிதம். 1.71-க்குக் கீழே இரண்டாக இருந்த புதிய கியர்கள் நான்காகின்றன. செலவு ஒரு சின்னப் பல்சக்கரத்தின் விலை. அந்தச் சாலை கிராங்கில் உள் பல்சக்கரத்தைப் பூட்டும் திருகுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 74 மில்லிமீட்டர் என்பதால் 24-க்குக் கீழே போக முடியாது, அவ்வளவே. இதைச் செய்ய வண்டித் தயாரிப்பாளரின் தயவோ சிறப்பு உதிரிபாகமோ தேவையில்லை. உலகத்தில் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் செயினும் கேசட்டும் கேபிளும் இந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனக்கென்றே செய்த கியர் கொண்ட வண்டி, அதைச் செய்த நிறுவனம் மூடிய மறுநாள் பரணுக்குப் போகும்.

ஒன்பது கியர் கேசட்டுகளின் காலம் இந்த வகையில் பொற்காலம். ஷிமானோவின் சாலை ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிளின் அளவு மலை சைக்கிளின் பின் டீரெய்லருக்கும் ஒத்துப்போனதால், கலந்து மாட்டினாலும் கியர் பிசகாது. சாய்வு வண்டி முழுக்கச் சாலை வண்டியும் அல்ல, முழுக்க மலை வண்டியும் அல்ல. இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டியது. 2010-ஐ ஒட்டிப் பத்து கியருக்கு மாறியபோது மலை சைக்கிளின் இழுவை அளவை ஷிமானோ மாற்றியது. கலப்பு அத்தோடு முறிந்தது. அனுபவப்பட்ட பலர் இன்றும் ஒன்பதை விடாமல் பிடித்திருப்பதைப் பழமைப்பித்து என்று நினைக்க வேண்டாம்.

24 பல் வைத்தியத்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. பின் டீரெய்லரால் சுருட்டிக்கொள்ள முடிந்த தளர்ந்த செயினுக்கு எல்லை இருக்கிறது. முன் பல்சக்கரங்களின் வித்தியாசத்தையும் பின் பல்சக்கரங்களின் வித்தியாசத்தையும் கூட்டினால் வருவது தேவையான கொள்ளளவு. 52-30, 11-34 என்றால் 22-உம் 23-உம் சேர்ந்து 45. நீளக் கூண்டு கொண்ட மலை டீரெய்லர்களின் எல்லையும் வழக்கமாக அதுவே. 24-ஐப் போட்டதும் தேவை 51 ஆகிறது. செயினைப் பெரியதுக்குப் பெரியது போட்டு அளந்து வெட்டினால், சின்னதுக்குச் சின்னதில் அது தொங்கும். யாரும் 24-11 ஜோடியில் ஓட்டப் போவதில்லை என்பதால் ஒழுங்காக ஓட்டுபவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் தரைக்கு ஒரு சாண் மேலே ஓடும் செயின் தொங்கினால், சாதாரண சைக்கிளைப்போலச் சட்டகத்தில் தட்டிச் சத்தம் போட்டு எச்சரிப்பதோடு நிற்காது. புல்லையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும்.

அதனால் என் தேர்வு வேறு. பயண சைக்கிள்களுக்கான 48-36-26 கிராங்க், அதே 11-34 கேசட். கூட்டிப் பாருங்கள்: 22-உம் 23-உம் 45. எல்லைக்குள் அடங்குகிறது. சின்ன கியர் 1.14 மீட்டர், பெரிய கியர் 6.50. உச்சியில் இழந்தது 90 சுற்றுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர். 35-க்கு மேல் மிதித்துத்தான் போவேன் என்பவர் பந்தயக்காரராக இருக்க வேண்டும், அல்லது இறக்கத்தில் இருக்க வேண்டும். இறக்கத்தில் காலுக்கு வேலை இல்லை.

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இரவல் பெட்டியே மாறிவிட்டது. 2012-இல் ஸ்ராம் மலை சைக்கிளுக்கு முன்பக்கம் ஒரே பல்சக்கரம் போதும் என்றது. 2016-இல் பின்னால் 12 கியர் கொண்ட ஈகிள் வந்தது. பிறகு மூன்று பல்சக்கரக் கிராங்குகள் மெல்ல மெல்ல மறையத் தொடங்கின. சாய்வு வண்டிகளும் அந்த வழியில் போகின்றன. இதை வரவேற்பவர்களும் திட்டுபவர்களும் ஒரே சதவீதத்தைக் காட்டிச் சண்டை போடுவதுதான் வேடிக்கை. 10-52 கேசட்டின் வீச்சு, அதாவது மிகப் பெரிய கியரை மிகச் சின்ன கியரால் வகுத்தால் வருவது, 520 சதவீதம். பின்சக்கரத்தின் மையத்துக்குள்ளேயே 14 கியரை அடக்கும் ஜெர்மனியின் ரோலாஃப் ஹப்புக்கு 526. நாம் மேலே பார்த்த பழைய 27 கியருக்கு 536. மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. சதவீதம் வீச்சின் அகலத்தைச் சொல்லும், அது எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது. முழங்காலுக்கு வேண்டியது தொடங்கும் இடம்.

ஒற்றைப் பல்சக்கரத்தின் மேல் சொல்லப்படும் வழக்கமான குறை, கியருக்கு கியர் இடைவெளி அதிகம் என்பது. கணக்குப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. பழைய 11-34 கேசட்டில் ஒவ்வொரு படியும் 13 முதல் 18 சதவீதம். 10-52-இலும் நடுப் படிகள் 12 முதல் 17 வரைதான். ஆனால் கடைசிப் படி, 42-இலிருந்து 52-க்கு, 24 சதவீதம். மேட்டில் 60 சுற்றில் தவிக்கும்போது ஒரு கியர் இறக்கினால் கால் 74-க்குத் தாவும். எழுந்து நின்று அந்தத் தாவலைச் சமாளிக்கும் வசதி இல்லாதவருக்கு இது உறுத்தும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று தரையில் கிடக்கிறது. 20 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 237 மில்லிமீட்டர் உயரம். 52 பல் சக்கரத்தின் ஆரம் 105 மில்லிமீட்டர். மிச்சம் 132. இரண்டு கப்பிகளும் நீளக் கூண்டும் கொண்ட டீரெய்லர் அந்த இடைவெளிக்குள் தொங்க வேண்டும். தார்ச்சாலையில் பரவாயில்லை. மண்பாதையில் ஒரு கல், ஒரு குச்சி போதும். டீரெய்லரும் அதைத் தாங்கும் ஹேங்கரும் சேர்ந்தே வளையும். 26 அங்குலச் சக்கரம் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

ஒற்றைப் பல்சக்கரத்துக்குச் சாதகமும் ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. ஒரே சுற்றுத்தூரத்தை 24-34 மூலமும் பெறலாம், 36-51 மூலமும் பெறலாம். காலுக்கு இரண்டும் ஒன்று. செயினுக்கு அல்ல. 165 மில்லிமீட்டர் கிராங்கில் 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், 24 பல் சக்கரத்தில் செயின் இழுவை 100 கிலோவைத் தாண்டும். 36-இல் 70-க்குள் நிற்கும். சாதாரண சைக்கிளில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. சாய்வு வண்டியில் செயின் நேராகப் போவதில்லை. முன்தண்டின் நுனியில் இருக்கும் கிராங்கிலிருந்து இருக்கைக்கு அடியில் ஒரு கப்பியைச் சுற்றி வளைந்துதான் பின்சக்கரத்துக்கு வருகிறது. இழுக்கும் பக்கச் செயின் அந்தக் கப்பியில் 20 டிகிரி வளைந்தால் கப்பியின் தாங்கியில் விழும் சுமை செயின் இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 24 பல் வைத்தியம் முழங்காலைக் காப்பாற்றி அந்தச் சுமையைக் கப்பியின் மேல் போடுகிறது. மலிவான பிளாஸ்டிக் கப்பி கரகரக்கத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். வண்டியில் எங்கேனும் பணத்தைக் கொட்டலாம் என்றால் நல்ல பேரிங் கொண்ட, பல் வெட்டிய கப்பியில் கொட்டலாம். பின் டீரெய்லரை ஒரு தரம் உயர்த்துவதைவிட அது கண்ணுக்கும் காதுக்கும் காலுக்கும் தெரியும்.

ஹப் கியர்காரர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்தது வீச்சோ பராமரிப்போ அல்ல. நின்ற இடத்தில் கியர் மாற்றலாம் என்பதுதான். டீரெய்லர் கியர் மாற வேண்டுமானால் செயின் ஓட வேண்டும். சிக்னலில் திடீரென்று பெரிய கியரில் நின்றுவிட்டால் சாதாரண சைக்கிள்காரர் எழுந்து ஒரு மிதி மிதித்துக் கிளப்பிவிடுவார். இரண்டு சக்கரச் சாய்வு வண்டிக்காரர் அந்த நேரத்தில் தள்ளாடுவார், பின்னால் பஸ் நிற்கும். ரோலாஃப் ஹப் இதைத் தீர்க்கிறது. 20 அங்குலச் சக்கரத்தில் 43-17 என்று பூட்டினால் 1.05 முதல் 5.53 மீட்டர் வரை, 13.6 சதவீதச் சீரான படிகளில் 14 கியர்கள். இரட்டைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. விலை ஆயிரம் யூரோவுக்கு மேல். கீழ் ஏழு கியர்களில், குறிப்பாக ஏழாவதில், அரவைச் சத்தம் கேட்கும். நீளச் செயினும் கப்பியும் அப்படியே இருக்கும்.

எனக்கு நியாயமாகப் பட்டது ஸ்ராமின் டூயல்டிரைவ்: ஹப்புக்குள்ளே மூன்று கியர், அதன் மேலேயே கேசட். உள்ளே 0.73, 1, 1.36 என்ற விகிதங்கள். முன் டீரெய்லர் என்ற தலைவலியே வேண்டாம். சிக்னலில் நின்றபடி ஹப்பைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். சாய்வு வண்டிக்காகவே பிறந்தது மாதிரி இருந்தது. ஆனால் மற்ற சைக்கிள்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை, ஸ்ராம் நிறுத்திவிட்டது. ஸ்டர்மி-ஆர்ச்சர் இதே வகையில் ஒன்று செய்கிறது. இரவல் வாழ்க்கையின் பலவீனம் இதைவிடத் தெளிவாகத் தெரியாது. கிராங்குக்குள்ளேயே இரண்டு வேகம் வைக்கும் சுவிட்சர்லாந்தின் ஷ்லும்ஃப் மவுண்டன் டிரைவ், குதிகாலால் பொத்தானைத் தட்டினால் கியரை இரண்டரை மடங்கு இறக்கும். அழகான கருவி. ஆனால் செயின் இழுவையையும் அதே இரண்டரை மடங்கு ஏற்றுகிறது என்பதைக் கப்பி மறக்காது.

தேர்ந்தெடுப்பது ஒரு பாதி. சரிசெய்வது மறுபாதி, சாதாரண சைக்கிளின் கைப்பழக்கம் அங்கேதான் காலை வாரும்.

இருக்கை உயரத்தை மாற்றிக் காலுக்கு அளவு பார்ப்பது சாதாரண சைக்கிள். சாய்வு வண்டிகள் பலவற்றில் கிராங்கைத் தாங்கும் முன்தண்டையே உள்ளே தள்ளி வெளியே இழுத்து அளவு பார்க்க வேண்டும். தண்டு 5 சென்டிமீட்டர் நகர்ந்தால், போக ஒரு வழி வர ஒரு வழி என்று செயின் 10 சென்டிமீட்டர் மாற வேண்டும். ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், ஆக 8 கண்ணி. அண்ணன் வண்டியைத் தம்பி வாங்கித் தண்டை 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டு, செயினைத் தொடாமல் ஓட்டினால் என்ன ஆகும்? பல்சக்கரத்தில் செயின் பாதிச் சுற்றுத்தான் படிகிறது என்பதால் 8 கண்ணித் தளர்வு 16 பல்லுக்குச் சமம். டீரெய்லரின் 45 பல் கொள்ளளவில் 16 அங்கேயே போயிற்று. பிறகு சின்ன கியர்களில் செயின் தொங்குகிறது, டீரெய்லர் சரியில்லை என்று திருகைத் திருகுவார்கள். டீரெய்லரின் மேல் பழி இல்லை. இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டியென்றால், இரு முனையிலும் குயிக் லிங்க் போட்ட 8 கண்ணித் துண்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் இரண்டு நிமிட வேலை.

முன் டீரெய்லர்தான் இரவலின் மிக மோசமான பகுதி. அது செங்குத்தான சீட் குழாயில் மாட்டி, பின்னால் சற்றே மேலேறும் குழாயின் கோணத்துக்கு ஏற்ப வளைத்துச் செய்த கூண்டு. சாய்வு வண்டியில் அதற்கென்று ஒரு குட்டைக் குழாயை முன்தண்டில் பற்றவைத்திருப்பார்கள். செயின் எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதைப் பின்னால் இருக்கும் கப்பியின் உயரம் தீர்மானிக்கிறது. குழாயின் கோணம் அதற்கு ஒத்துவராவிட்டால் கூண்டின் வால் செயினில் உரசும். எல்லைத் திருகுகளை எவ்வளவு திருகினாலும் அது தீராது. செய்யக்கூடியது: பெரிய பல்சக்கரத்தின் நுனிக்கும் கூண்டுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் விட்டு, கூண்டைப் பல்சக்கரத்துக்கு இணையாக வைத்து, இடதுகை ஷிஃப்டரைச் சொடுக்கு இல்லாத உராய்வு வகையாக மாற்றிவிடுவது. ஹேண்டில் நுனியில் பொருத்தும் பழைய பார்-எண்ட் ஷிஃப்டர்கள் இதற்காகவே இன்னும் விரும்பப்படுகின்றன. உரசினால் விரலால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்திக்கொள்ளலாம். நவீனச் சொடுக்கு ஷிஃப்டரில் அது முடியாது.

பின் டீரெய்லரைச் சரிசெய்வதில் ஒரு விசித்திரமான தடை. மூன்று சக்கர வண்டியில் பெடலுக்கும் டீரெய்லருக்கும் நடுவே ஆள் நீளம். ஒரு கையால் பெடலைச் சுற்றி மறு கையால் கேபிள் முறுக்கியைத் திருக எட்டாது. தெருமுனை மெக்கானிக் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இன்னொருவரைப் பெடல் சுற்றச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கப்பிக்கு முன்னால் மேல்செயினைக் கையால் இழுத்துச் சக்கரத்தை ஓட்டலாம். கேபிளும் நீளம், வளைவும் அதிகம். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கேபிளுறை வளைந்து நிமிர்வதால், வளைவில் திரும்பும்போது கியர் தானாகத் தாவுகிறது என்று சிலர் சொல்வது பொய்யல்ல. உறையை அரை விரல் நீளம் கூட்டி வெட்டி, வளைவைத் தளர்வாக விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நேராக நிறுத்திச் சரிபார்த்ததோடு விடாமல், ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்தும் கியரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நீளச் செயினைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று சக்கர வண்டிக்கு ஏறத்தாழ மூன்று செயின் வேண்டும். 116 கண்ணிப் பெட்டி மூன்று என்றால் 4.4 மீட்டர். வாங்கும்போது வயிறு எரியும். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தில் ஏறி இறங்குவது மூன்றில் ஒரு பங்கு தடவைதான். கப்பிகளில் கூடுதலாக வளைவதைக் கழித்தாலும் ஆயுள் நன்றாகவே நீள்கிறது. செயின் பக்கவாட்டில் கோணலாக ஓடும் பிரச்சினையும் நீளத்தால் குறைகிறது.

இரண்டு சக்கரமா மூன்று சக்கரமா என்பதைப் பொறுத்து மேலே சொன்னதில் பாதி மாறும். மூன்று சக்கர வண்டி எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழாது, 4.8 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறலாம், நடுவில் நின்று தண்ணீர் குடிக்கலாம். அதற்கு 1.1 மீட்டர் சுற்றுத்தூரம் நிஜமான வரம். இரண்டு சக்கரச் சாய்வு வண்டியை மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கீழே நிமிர்த்திப் பிடிப்பதே பலருக்குப் பாடு. 26 அங்குலச் சக்கரத்தில் அதே 48-36-26, 11-34 போட்டால் சின்ன கியர் 1.57 மீட்டர், 75 சுற்றுக்கு 7 கிலோமீட்டர். 22 பல் போட்டால் 1.33 மீட்டர், 6 கிலோமீட்டர். அதற்குக் கீழே போவது வீண் செலவு; அந்த கியரைப் பயன்படுத்துமுன் வண்டி சாய்ந்துவிடும், இறங்கித் தள்ளுவதே மேல்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்காரரிடம் எத்தனை கியர் என்று கேட்க வேண்டாம். பின்சக்கரத்தின் சுற்றளவையும், மிகச் சின்ன முன்பல்லையும், மிகப் பெரிய பின்பல்லையும் கேட்டு ஒரு தாளில் பெருக்கி வகுத்துப் பாருங்கள். மூன்று சக்கர வண்டிக்கு 1.2 மீட்டருக்கு மேலும், இரண்டு சக்கர வண்டிக்கு 1.6-க்கு மேலும் விடை வந்தால், சின்னப் பல்சக்கரத்தை மாற்றித் தரச் சொல்லி, முன்தண்டை உங்கள் காலுக்கு வைத்துச் செயினையும் அதற்கு ஏற்ப வெட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.